அன்லிமிடெட் எண்டு போட்டிருந்தா போதுமா? (டெலிபோன் லைனால டயல் பண்ணி இன்டர்நெட் எடுத்த டயல் அப் காலத்து வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: தம்பி, நாங்கள் வெள்ளவத்தையில பிளட் ஒண்டில மூண்டாம் மாடியில இருக்கிறம். மகன் ஏஎல் படிக்கிறான், மூத்தவள் கலியாணம் கட்டி டொரொண்டோவில. பேரப்பிள்ளையின்ர படமெல்லாம் ஈமெயில்லதான் அனுப்புறா, அதைப் பாக்க ஒவ்வொருக்காவும் காலி வீதியில இருக்கிற நெற் கபேக்குப் போய் மணித்தியாலக் கணக்கில காசு குடுக்கிறம். வீட்டிலயே இன்டர்நெட் எடுப்பம் எண்டா மூண்டு கொம்பனியின்ர நோட்டீஸ் கையில இருக்கு, மூண்டிலயும் அன்லிமிடெட் எண்டு பெரிசா போட்டிருக்கு. ஒரு கொம்பனி வருசக் காசை முதலே கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீ எண்டுது. இவர் டெலிபோன் பில் ஏறும் எண்டு சத்தம் போடுறார். எதை நம்பி எடுக்கிறது? (ஒரு அம்மா, வெள்ளவத்தை)

பதில்: அக்கா, அத்தான் சொல்லுறது சரி, அதில இருந்தே தொடங்குறன். நோட்டீஸில இருக்கிற அன்லிமிடெட், நீங்கள் அந்த இன்டர்நெட் கொம்பனிக்குக் கட்டுற மாசக் காசுக்கு மட்டும்தான். உங்கட மொடம், அதாவது கொம்பியூட்டரை டெலிபோன் லைனில இணைக்கிற பெட்டி, அவையின்ர நம்பருக்கு ஒரு லோக்கல் கோல் எடுக்குது, நீங்கள் டிஸ்கனெக்ட் பண்ணுமட்டும் அந்தக் கோல் போய்க்கொண்டே இருக்கும், அந்த மீட்டர் டெலிபோன் கொம்பனியின்ர மீட்டர், அதுக்கு உங்கட அன்லிமிடெட் தெரியாது. கனடாவில லோக்கல் கோல் மாச வாடகைக்குள்ளயே அடங்கிப்போகும், அதாலதான் மகள் "ஏனம்மா கட் பண்ணுறியள், விட்டிட்டு இருங்கோவன்" எண்டு சொல்லுவா. இங்க அப்பிடி விட ஏலாது. ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம் எண்டா மாசத்துக்கு 60 மணித்தியாலம், அது 3600 நிமிசம். கணக்குக்கு நிமிசத்துக்கு 1 ரூபா எண்டு வச்சாலே 3600 ரூபா டெலிபோன் பில்லில தனியா வந்து நிக்கும். அதால கொம்பனிக்காரரிட்ட போக முதல் டெலிபோன் கந்தோருக்குப் போய் பகல் ரேட் என்ன, ராத்திரி ரேட் என்ன, இன்டர்நெட் நம்பருக்கு எடுத்தா ஏதும் கழிவு இருக்கோ எண்டு கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ. ரெண்டு காசையும் கூட்டிப் பாத்தாத்தான் உண்மையான மாசச் செலவு தெரியும், சில வீடுகளுக்கு மணித்தியாலக் கணக்குப் பக்கேஜ் இதைவிட மலிவா வாறதை நான் கண்டிருக்கிறன்.

இனி எந்தக் கொம்பனி எண்ட கதை. பேர் சொல்லச் சொல்லிக் கேட்டாலும் சொல்ல மாட்டன், ஏனெண்டா கொட்டாஞ்சேனையில நல்லா வேலை செய்யிற கொம்பனி வெள்ளவத்தையில இழுபடும், உங்கட எக்ஸ்சேஞ்சும் உங்கட லைனும் வேற. 1995 இல லங்கா இன்டர்நெட் தொடங்கேக்க நாட்டில அது ஒண்டுதான், தெரிவு எண்ட பேச்சே இல்லை. இப்ப நாலைஞ்சு பேர் போட்டிக்கு நிக்கினம், அதால நீங்கள் சோதிச்சுப் பாத்து எடுக்கலாம்.

சோதிக்கிறதுக்குக் கொம்பியூட்டரே தேவையில்லை. மூண்டு கொம்பனியின்ரயும் டயல் அப் நம்பரைக் கேட்டு வாங்குங்கோ. பிறகு ஒரு கொப்பியில கோடு போட்டு, ஒரு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் வீட்டுப் போனில இருந்து அந்த நம்பருக்கு எடுத்துப் பாருங்கோ. கீ எண்டு விசில் அடிச்சு கர்ர் எண்டு இரைஞ்சா லைன் கிடைச்சிருக்கு, உடன வையுங்கோ, ஒரு சின்னக் காசுதான் போகும். டூட் டூட் எண்டு பிஸி டோன் வந்தா அதையும் எழுதுங்கோ, அதுக்குக் காசு இல்லை. காலமை பத்து மணிக்கு எடுத்துப் பாத்துப் பிரயோசனம் இல்லை அக்கா, அந்த நேரம் எல்லாருக்கும் லைன் கிடைக்கும். ஊரெல்லாம் வேலை முடிஞ்சு வந்து குந்துற நேரத்தில 14 தரம் எடுத்து 11, 12 தரம் விசில் கேட்டா அந்தக் கொம்பனியை யோசிக்கலாம். பாதிக்குப் பாதி பிஸி எண்டா எவ்வளவு மலிவு எண்டாலும் விடுங்கோ.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுறன் எண்டா, அன்லிமிடெட் குடுக்கிற எல்லாருக்கும் வாற வருத்தம் இதுதான். 1996 டிசம்பர்ல அமெரிக்காவில ஏஓஎல் எண்ட இன்டர்நெட் கொம்பனி மணித்தியாலக் காசை விட்டிட்டு மாசம் 19 டொலர் 95 சதத்துக்கு அன்லிமிடெட் எண்டு மாத்தினது. அப்பவே 70 லட்சத்துக்கு மேல ஆக்கள். ஒருக்கா லைன் கிடைச்சா விட்டா திரும்பக் கிடைக்காது எண்டு சனம் கட் பண்ணாமலே வச்சிருக்க, மற்றாக்களுக்கு ராத்திரி முழுக்க பிஸி டோன். வழக்குப் போட்டு, பல மாநிலங்களின்ர சட்டமா அதிபர்மார் தலையிட்டு, 1997 ஜனவரியில காசு திருப்பிக் குடுக்க ஒத்துக்கொண்டது அந்தக் கொம்பனி. அவ்வளவு பெரிய கொம்பனிக்கே அந்த நிலைமை. கொம்பனிக்காரரிட்ட நீங்கள் கேக்க வேண்டிய கேள்வி "எத்தினை பேருக்கு ஒரு மொடம்?" எண்டது. 10 பேருக்கு ஒண்டு எண்டா பரவாயில்லை எண்டுதான் இந்தத் தொழிலில இருக்கிறவை சொல்லுறவை. பதில் சொல்லாம மழுப்பினா அதையும் கொப்பியில எழுதுங்கோ.

வருசக் காசு முதலே கட்டுற கதைக்கு என்ர பதில், வேண்டாம். நான் ஒருக்கா அப்பிடிக் கட்டினனான். முதல் மூண்டு மாசம் தங்கம் மாதிரி இருந்தது, பிறகு ஆக்களைச் சேத்துக்கொண்டே போனாங்கள், மொடம் கூட்டேல்லை. இரவு ஒன்பதரைக்கு ரீடயல் ரீடயல் எண்டு விட்டு 40 நிமிசம் கழிச்சு லைன் கிடைக்கும், அஞ்சு நிமிசத்தில விழும். காசைக் கேட்டுப் போனா ஒப்பந்தத்தில திருப்பித் தாறம் எண்டு எங்க இருக்கு எண்டு கேட்டினம், உண்மையா எங்கயும் இருக்கேல்லை. மிச்ச ஒன்பது மாசமும் மின்னஞ்சல் பாக்க விடிய நாலரைக்கு எழும்பினன், அந்த நித்திரை இல்லாத காலத்தை இப்ப நினைச்சாலும் எனக்கு ஆத்திரம் வரும். மாசத்துக்கு மாசம் கட்டுங்கோ. ரெண்டு மாச ஃப்ரீயை விட, பிடிக்காட்டி விட்டிட்டுப் போற சுதந்திரம் பெரிசு.

ஒப்பந்தத்தில சின்ன எழுத்தையும் வாசியுங்கோ. சில இடத்தில நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா தானா கட் ஆகும், சும்மா இருந்தா 15, 20 நிமிசத்தில கட் ஆகும், இது ரெண்டும் நியாயம், உங்கட மீட்டருக்கும் நல்லது. ஆனா மாசம் இத்தினை மணித்தியாலத்துக்கு மேல போனா லைனை நிப்பாட்டலாம் எண்டு ஒரு வரி இருந்தா அது அன்லிமிடெட்டே இல்லை, அதை விரல் வச்சுக் காட்டிக் கேளுங்கோ.

வெளிநாட்டுத் தொடர்பு எப்பிடி எண்டதையும் பாக்க வேணும். கல்கிசையில கரையேறுற கடலடிக் கேபிள் வழியா போறவையும் இருக்கினம், செற்றலைட் டிஷ் வச்சிருக்கிறவையும் இருக்கினம். செற்றலைட் 36,000 கிலோமீற்றர் உயரத்தில நிக்குது, சிக்னல் ஏறி இறங்கவே கால் செக்கன், பதில் வர இன்னொரு கால் செக்கன். படம் இறக்கிறதுக்கு அது பெரிசாத் தெரியாது, மகளோட நெற் வழியா கதைக்கேக்க தெரியும், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கதைச்சு முட்டுப்படுவியள். அந்தக் கொம்பனியின்ர இணைப்பு எடுத்த பக்கத்து பிளட்காரர் ஆரும் இருந்தா, டொஸ் விண்டோவில பிங் எண்டு அடிச்சு அமெரிக்க சைட் ஒண்டின்ர பேரைப் போடச் சொல்லி மகனிட்ட சொல்லுங்கோ. சிக்னல் அங்க போய்த் திரும்பி வர எடுத்த நேரத்தை அது காட்டும், வாற நம்பர் 700, 800 மில்லிசெக்கன் எண்டு நிண்டா பெரும்பாலும் செற்றலைட்.

மகளிட்டயும் ஒரு உதவி கேளுங்கோ. கமராவில எடுத்த படத்தை அப்பிடியே அனுப்பினா ஒண்டு 1 எம்பி வரும், ஈமெயில்ல அட்டாச் பண்ணேக்க அது இன்னும் மூண்டில ஒரு பங்கு ஊதும், எங்கட லைனில ஒரு படத்துக்கு 5 நிமிசம். 640க்கு 480 புள்ளி எண்டு சின்னதாக்கி அனுப்பினா 20 செக்கன், பேரனின்ர முகம் ஸ்கிரீனில அதே மாதிரித்தான் தெரியும். கடிதத்தையும் லைன் இல்லாம அவுட்லுக் எக்ஸ்பிரஸில ஆறுதலா எழுதி வச்சிட்டு, கனெக்ட் பண்ணி செண்ட் அண்ட் ரிசீவ் அமத்தி, உடன கட் பண்ணிட்டு வந்ததை வாசியுங்கோ. இப்பிடிச் செய்தா ஒரு நாளைக்கு 10 நிமிசமும் போகாது, மிச்ச நேரம் மகனின்ர படிப்புக்கு.

இன்னொண்டு, இது முக்கியம். சில சைட்டில படம் பாக்க ஒரு புரோகிராமை இறக்கச் சொல்லும், அது உங்கட லைனை சத்தமில்லாம கட் பண்ணி வெளிநாட்டு நம்பர் ஒண்டுக்கு டயல் பண்ணும். 1997 இல அமெரிக்காவில இப்பிடி மொல்டோவாவுக்குக் கோல் போய் ஆயிரக்கணக்கான ஆக்களுக்குப் பில் வந்தது. மொடத்தின்ர ஸ்பீக்கரை ஓஃப் பண்ணாதேங்கோ, நடுவில தானா டயல் பண்ணுற சத்தம் கேட்டா வயரைப் பிடுங்குங்கோ. ஐடிடியை, அதாவது வெளிநாட்டுக் கோல் வசதியை, லொக் பண்ணி வைக்கச் சொல்லியும் டெலிபோன் கந்தோரில கேளுங்கோ.

கேள்வி: அண்ணா, யுனிட்டி பிளாசாவில புது 56கே மொடம் வாங்கினன். கனெக்ட் ஆகேக்க நண்பன்ர வீட்டில செக்கனுக்கு 1,15,200 பிட் எண்டு காட்டுது, எனக்கு 31,200 தான். என்ர கொம்பனி ஏமாத்துதோ? (மாணவன், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, நண்பனுக்கு வாற 1,15,200 கொம்பியூட்டருக்கும் மொடத்துக்கும் இடையில இருக்கிற வேகம், லைன் வேகம் இல்லை, டயல் அப்பில அப்பிடி ஒரு லைன் வேகமே இல்லை. உண்மையில அவருக்கும் உமக்கும் ஒரே வேகமா இருக்கலாம். வி.90 எண்ட 56கே முறை, அதாவது செக்கனுக்கு 56,000 பிட் வரைக்கும் எண்டது, 1998 இல வந்தது, கொம்பனியில இருந்து எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் முழுக்க டிஜிட்டலா இருந்து உம்மட வீட்டு வயர் மட்டும் அனலொக்கா இருந்தாத்தான் அது வேலை செய்யும். இடையில இன்னொருக்கா அனலொக்குக்கு மாத்துப்பட்டா 33,600 க்கு மேல போகாது, உமக்கு 31,200 எண்டா அதுதான் நடக்குது போல.

ஆனா கொம்பனியில கோவிக்க முதல் வீட்டு வயரைப் பாரும். போனைத் தூக்கி ஒரு இலக்கத்தை அமத்தினா டயல் டோன் நிண்டிடும், அப்ப காதை வச்சுக் கேளும். அமைதியா இருக்க வேணும். சர்ர் எண்டோ படபட எண்டோ கேட்டா வயர் பழுது, மழைக்குப் பிறகு கூடினா மூட்டில தண்ணி. மற்ற அறைக்குப் போற பரலல் போனைக் கழட்டிப்போட்டு, மொடத்தை நேரா முதல் சொக்கெட்டில குடுத்து ஒருக்கா கனெக்ட் பண்ணிப் பாரும். என்ர சொந்தக்காரர் வீட்டில ஹோலில இருந்த பழைய பரலல் போன் ஒண்டைக் கழட்டினதுக்கே 28,800 இல இருந்து 44,000 க்கு ஏறினது, நான் பக்கத்தில நிண்டு பாத்தனான். ஏப்ரலிலயும் ஒக்டோபர், நவம்பரிலயும் பின்னேர இடி தொடங்கினா மொடத்தின்ர டெலிபோன் வயரைக் கழட்டி விடும், பிளக்கைக் கழட்டினாப் போதாது, மின்னல் டெலிபோன் வயராலயும் வரும்.

கேள்வி: கனடாவில இருந்து அண்ணன் கொண்டுவந்த மொடம் "நோ டயல் டோன்" எண்டு மட்டும் சொல்லுது. போன் நல்லா இருக்கு. (தெஹிவளை வாசகர்)

பதில்: எங்கட டயல் டோன் அந்த மொடத்துக்குப் பழக்கமில்லை. விண்டோஸ் 98 எண்டா கன்ட்ரோல் பனலில மொடம்ஸ், பிறகு ப்ரொப்பர்டீஸ், கனெக்ஷன், அட்வான்ஸ்ட் எண்டு போனா எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் எண்டு ஒரு பெட்டி இருக்கும், அதில எக்ஸ் எண்ட எழுத்தையும் 3 ஐயும் சேத்து அடிச்சு ஓகே குடுங்கோ. டோனுக்குக் காத்திருக்காம நேரா டயல் பண்ணும்.