கஞ்சமலையில் ஓயாமல் ஒலிக்கும் கருவி

வணக்கம். வேற்றுலகத்தார் விட்டுச்சென்ற தொல்பொருளைத் தேடும் உங்கள் கதைக் கருவி காந்தப்புல மாற்றத்தை மட்டும் உணர்வதால், சேலம் கஞ்சமலையில் எங்கு வைத்தாலும் ஒலிக்கிறதே, இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருந்தீர்கள். அங்கே அது ஒலிக்கத்தான் செய்யும். அம்மலைப் பாறையிலேயே மேக்னடைட் என்னும் காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாது பட்டை பட்டையாக ஓடுகிறது. அடிவார ஓடை மணலில் காந்தத்தைப் புரட்டினால், கருந்துகள்கள் மயிர்போல் சிலிர்த்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கருவியை ஐசோடோப்பு விகிதம், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் கலந்துள்ள விகிதம், அளக்க விடுங்கள். பூமியின் இரும்பில் இரும்பு-56 ஏறத்தாழ 91.75 விழுக்காடு, வேறொரு விண்மீனருகே உருவான உலோகத்தில் அந்த விகிதம் மாறியிருக்கலாம். நியூட்ரான்களைச் செலுத்தி, அணுக்கருக்கள் உமிழும் காமாக் கதிர்களின் ஆற்றலைப் பிரித்தறிந்தால் அது புலப்படும். பாறைக்குள் வெகு ஆழம் எட்டாது என்பதால் உங்கள் நாயகி மலையேறி அருகே சென்றுதான் தேட வேண்டும். அந்தச் சிரமத்தைத் தயவுசெய்து கதையிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.