பொலிகாளை ஏன் வேலியைத் தாண்டுகிறது?

கால்நடை வளர்ப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் சிறு பண்ணையில் ஆறு பசுக்களும், கன்றாக இருந்தபோதிலிருந்து நானே புட்டிப்பால் கொடுத்து வளர்த்த இரண்டரை வயதுப் பொலிகாளை ஒன்றும் உள்ளன. எல்லை முழுவதும் நான்கு வரிசை முள்கம்பி வேலி இருந்தும், காளை இதுவரை மூன்று முறை வேலியைச் சாய்த்துவிட்டு அடுத்த தோட்டத்துப் பசுக்களிடம் போய்விட்டது. இன்னும் இரண்டு வரிசை கம்பி சேர்த்தால் போதுமா?

பதில்: போதாது. கம்பி வாங்குவதற்கு முன்னால் வேலியோரமாக ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புல் தேய்ந்து ஒற்றையடித் தடம் விழுந்திருக்கும். அங்குள்ள முட்களில் கழுத்து முடி சிக்கியிருக்கும். கையால் அசைத்தால் வேலிக்கால் ஆடும். காளை ஒரே நாளில் வேலியை உடைப்பதில்லை. நாள் முழுவதும் அதே இடத்தில் நடந்து, கழுத்தைத் தேய்த்து, வேலிக்காலைத் தளர்த்தி வைத்துவிட்டு, போக வேண்டிய நாள் வந்ததும் போகிறது. அந்த நாளை முன்கூட்டியே கணிக்கவும் முடியும். மூன்று முறை வெளியேறிய தேதிகளையும் எழுதிப் பாருங்கள். இடைவெளி 21 நாட்களை ஒட்டியோ அதன் மடங்காகவோ இருந்தால், அடுத்த தோட்டத்தில் ஏதோ ஒரு பசு சினைப் பருவத்துக்கு வரும் வாசனைதான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

ஆகவே காரணத்தை முதலில் கவனியுங்கள். பக்கத்துத் தோட்டத்தோடு பொதுவான எல்லையில் காளையை விடாதீர்கள். இடம் இல்லையென்றால் அந்தப் பக்கம் மட்டுமாவது மூன்று மீட்டர் இடைவெளி விட்டு இரண்டாவது வேலி போடுங்கள். தனியே அடைக்கப்பட்ட காளை வேலியோரம் அலையும் அளவுக்குத் துணையுள்ள காளை அலைவதில்லை. காயடித்த எருது ஒன்றோ, சினை உறுதியான பசு ஒன்றோ உடன் இருந்தால் அதன் பதற்றம் வெகுவாகக் குறையும்.

அடுத்து, பண்ணை முழுவதையும் கோட்டையாக்க வேண்டியதில்லை. காளைக்கென்று ஒரு சிறிய, மிக உறுதியான பட்டி அமைத்து, வேலிக்கென்று ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை அங்கே செலவிடுங்கள். உயரம் குறைந்தது ஒன்றரை மீட்டர் இருக்கட்டும். உயரமான இனமென்றால் 1.7 மீட்டர் நல்லது. வேலிக்கால்கள் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் ஆழத்தில், இரண்டரை மீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும். மூலைக்கால்களுக்கு முட்டுக்கொடுங்கள், ஏனெனில் வேலி விழத் தொடங்குவது பெரும்பாலும் மூலையிலிருந்துதான். குறுக்குச் சட்டங்களையோ இரும்புக் குழாய்களையோ கால்களின் உட்புறத்தில், அதாவது காளை நிற்கும் பக்கத்தில், பொருத்த வேண்டும். வெளிப்புறத்தில் பொருத்தினால் காளை முட்டும் வேகம் முழுவதையும் ஆணிகளே தாங்க வேண்டியிருக்கும். உட்புறத்தில் பொருத்தினால் வேலிக்காலே தாங்கும். முள்கம்பியைப் பட்டிக்குள் பயன்படுத்தவே வேண்டாம். கோபத்தில் இருக்கும் காளையை அது நிறுத்தாது. ஆனால் அடிவயிற்றையும் விதைப்பையையும் கிழித்து, பொலிகாளையை இனப்பெருக்கத்துக்கே உதவாமல் ஆக்கிவிடக்கூடும்.

பலரும் மறப்பது கதவை. குழாய்க் கதவின் அடியில் கொம்பைக் கொடுத்து அப்படியே தூக்கிக் கீலிலிருந்து கழற்றிவிட்ட காளை ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். கழற்றியபின் அது எங்கும் ஓடவில்லை. கதவைச் சிறிது தூரம் இழுத்துப் போய்ப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தது! கீழ்க் கீலின் முளை மேல்நோக்கியும், மேல் கீலின் முளை கீழ்நோக்கியும் இருக்குமாறு பொருத்தினால் கதவைத் தூக்க முடியாது. கொண்டி மட்டும் போதாது. காளை நாக்காலும் மூக்காலும் அதை நெம்பக் கற்றுக்கொள்ளும். கூடவே ஒரு சங்கிலியும் போடுங்கள்.

கேள்வி: செலவைக் குறைக்க, வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுக்கலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. அது வேலி அல்ல, கொலைக்கருவி. வீட்டு மின்சாரம் தொடர்ந்து பாயும். தசைகள் இறுகிவிடுவதால் பிடித்த கை விடுபடாது. மின்வேலிக்கென்று தயாரிக்கப்படும் கருவி, சில ஆயிரம் வோல்ட் அழுத்தத்தை ஒரு நொடியின் மிகச் சிறு துணுக்கு நேரம் மட்டும் கொடுத்து, ஏறக்குறைய ஒரு நொடி ஓய்ந்துவிட்டுத்தான் மறுபடி கொடுக்கும். வலிக்கும், ஆனால் தொட்டவர் விலகிக்கொள்ள நேரம் இருக்கும். முள்கம்பியில் அந்தக் கருவியையும் இணைக்கக் கூடாது. சிக்கிக்கொண்ட உயிர் விடுபட வழியிருக்காது.

மின்வேலி சரியாக வேலை செய்யவில்லை என்ற புகார்களில் பெரும்பாலானவை தரையிணைப்பிலேயே (எர்த்) முடிகின்றன. துத்தநாகப் பூச்சுள்ள இரண்டு மீட்டர்க் கம்பிகள் மூன்றை, மூன்று மீட்டர் இடைவெளியில், ஈரம் தங்கும் இடத்தில் முழுவதுமாக இறக்குங்கள். மண் காய்ந்துபோனால் அதிர்ச்சியும் காய்ந்துவிடும். வேலியின் கடைக்கோடியில் தினமும் அளந்து பாருங்கள்; காளைக்கு 4,000 வோல்ட் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் கம்பியைத் தொடும் களைகளை வெட்டுங்கள். பட்டிக்குள் உறுதியான வேலிக்கு ஒரு சாண் முன்னால், மூக்கு உயரத்தில் ஒரு கம்பி ஓடினாலே காளை சட்டங்களைத் தேய்ப்பதை விட்டுவிடும். முதல் முறை தொடும்போது சில மாடுகள் பின்வாங்காமல் முன்னால் பாயும். அதனால்தான் பின்னால் உறுதியான வேலி உள்ள இடத்தில் இதைப் பழக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் காளை மிகவும் சாது. குழந்தைபோல் வளர்ந்தது. இவ்வளவு முன்னெச்சரிக்கை தேவையா?

பதில்: முதல் கேள்வி கேட்டவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: புட்டிப்பாலில் வளர்ந்த காளையைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். அதற்கு மனிதரிடம் பயம் இல்லை. உங்களைத் தன் இனமாகவே எண்ணுகிறது. ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல் தன் இனத்தோடு பலப்பரீட்சை நடத்தும் பருவம் வரும்போது, உங்களோடும் நடத்தும். கன்றின் நெற்றியில் கைவைத்துத் தள்ளி விளையாடியிருந்தால், முட்டுவதை நீங்களே கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் போன்ற பால் இனக் காளைகள் இதில் கூடுதலாகப் பெயரெடுத்தவை.

காளை உடலைப் பக்கவாட்டில் திருப்பி, கழுத்தை வளைத்து, தலையைத் தாழ்த்தி, குளம்பால் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டால், அது மிரட்டல். முதுகைக் காட்டாமல், அதன் பார்வையிலிருந்து பக்கவாட்டில் விலகிப் பின்வாங்குங்கள். பட்டியை இரண்டு அறைகளாகப் பிரித்து, இடையில் வெளியிலிருந்தே மூடக்கூடிய கதவு வையுங்கள். தீவனத்தைக் காட்டி ஓர் அறைக்குள் அடைத்துவிட்டு, மற்றதைக் கூட்டிப் பெருக்கலாம். நீங்களும் காளையும் ஒரே அறையில் இருக்க வேண்டிய தேவையே வராது. மூலைகளில் 35 முதல் 40 சென்டிமீட்டர் அகலச் சந்து விடுங்கள். ஆள் பக்கவாட்டில் நுழைந்து தப்பலாம், காளை நுழையாது. தப்ப வேண்டிய அந்தச் சந்தையே வைக்கோல் கட்டைச் சாய்த்து அடைத்து வைத்திருக்கும் பண்ணைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மூக்குவளையம் போட்டுக் கட்டிவைத்தால் வேலியே வேண்டாமல்லவா?

பதில்: வேண்டும். வளையம் நடத்திச் செல்ல உதவுவது. கட்டிவைக்க உதவுவது அல்ல. வளையத்தில் மட்டும் கட்டிய காளை மிரண்டு இழுத்தால் மூக்கு கிழியும், அதன்பின் அங்கே பிடிக்கவே முடியாது. ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் கால்நடை மருத்துவரைக் கொண்டு, துருப்பிடிக்காத வளையம் போடுங்கள். நடத்தும்போது தலைக்கயிறும் சேர்ந்தே இருக்கட்டும்.

இன்னொன்று: வளர்ந்த ஒரு காளை 25 பசுக்களுக்குப் போதும். ஆறு பசுக்களுக்காக ஒன்றை வைத்திருக்கத்தான் வேண்டுமா என்பதைப் பட்டிக்குக் குழி தோண்டும் முன்பே, செயற்கைக் கருவூட்டலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்துவிடுங்கள்.