மழைக்கால வார இறுதி: பரங்கிக்காய் ரொட்டி ஏன் உள்ளே பிசுபிசுக்கிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: வெளிநாட்டு இலையுதிர்காலக் குறிப்பு ஒன்றைப் பார்த்துப் பரங்கிக்காய் ரொட்டி செய்தேன். மேலே கறுத்துவிட்டது, உள்ளே பிசுபிசுப்பு, லேசான புளிப்பு வாடை வேறு. கூடவே வைத்த ஆட்டுக்கறியும் பெரிய தீயில் ஒரு மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. என்னிடம் மேசை மேல் வைக்கும் சின்ன ஓவன்தான் உண்டு. எங்கே தவறு?

ஓவன் சின்னதாக இருப்பது பெரிய குறையில்லை. அந்தக் குறிப்பு 20 டிகிரி குளிரில் இருக்கும் அடுக்களைக்கு எழுதப்பட்டது. நவம்பரில் மழை கொட்டினாலும் உங்கள் அடுக்களை அவ்வளவு குளிராது. அங்கே இரண்டு மணி நேரத்தில் உப்பும் மாவு இங்கே அதைவிட வெகு சீக்கிரமே இரண்டு மடங்காகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்து வலுவிழக்கும், சூட்டில் வைத்ததும் அமுங்கிப்போகும். புளிப்பு வாடைக்குக் காரணம் இதுதான்.

பிசுபிசுப்புக்குப் பரங்கிக்காய் காரணம். அதன் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர். அவித்து மசித்தால் அந்த ஈரம் அப்படியே நிற்கும். மாவு கையில் ஒட்டும், நீங்கள் மேலும் மேலும் மாவு தூவுவீர்கள், உப்பும் ஈஸ்டும் அளவில் குறைந்துபோகும். அதனால் அவிக்க வேண்டாம். அரைக் கிலோ காயைத் தோலோடு கீற்றாக நறுக்கி 200 டிகிரியில் 40 நிமிடம் சுட்டு, சதையை வழித்து மசியுங்கள். எண்ணெய் இல்லாத சட்டியில் சிறு தீயில் கிளறுங்கள். மசியல் சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும்போது இறக்கி, முழுக்க ஆறவிடுங்கள். சூடாகச் சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும்.

ரொட்டி மாவு 500 கிராம் வேண்டும். கடையில் மலாயில் தெப்போங் ரோத்தி என்று கேளுங்கள். சாதாரண தெப்போங் காண்டுமில் (கோதுமை மாவில்) புரதம் குறைவு, இவ்வளவு ஈரத்தைத் தாங்காது. மசியல் 200 கிராம், முட்டை 1, சீனி 50 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, உடனடி ஈஸ்ட் 5 கிராம். பால் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ப்பாலாக இருக்கட்டும். முதலில் 80 மில்லி மட்டும் ஊற்றுங்கள், போதாவிட்டால் ஒவ்வொரு மேசைக்கரண்டியாகக் கூட்டுங்கள். ஐந்து நிமிடம் பிசைந்த பிறகு 50 கிராம் வெண்ணெய் சேர்த்து, இன்னும் பத்து நிமிடம் பிசையுங்கள். ஒரு துண்டைக் கிள்ளி விரல்களால் விரித்தால், கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிய சவ்வாக வர வேண்டும். பலர் இந்தக் கட்டம் வருவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். கனத்த ரொட்டி பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

இதைச் சனிக்கிழமை மாலை பிசைந்து, மூடி, ஐஸ்பெட்டியில் வைத்துவிடுங்கள். இரவு முழுக்க மெதுவாக உப்பும், வாசனையும் கூடும். நம் ஊர் வெப்பத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. காலையில் 12 உருண்டைகளாக்கித் தட்டில் அடுக்குங்கள். மாவு குளிர்ந்திருப்பதால் முதல் அரை மணியில் அசையாதது போலத் தெரியும், பொறுத்திருங்கள். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, பாதி மட்டும் மீண்டு வர வேண்டும். உடனே முழுதாக மீண்டால் இன்னும் நேரம் வேண்டும். மீளவே இல்லை என்றால் பொழுது தாண்டிவிட்டது.

சின்ன ஓவனில் மேல் கம்பி ரொட்டிக்கு மிக அருகில் இருக்கும். அதனால்தான் உள்ளே வேகுமுன் மேலே கறுக்கிறது. ஓவனை 20 நிமிடம் சூடாக்கிவிட்டு, தட்டைக் கீழ்த்தட்டில் வைத்து, 180 டிகிரியில் 22 முதல் 25 நிமிடம் சுடுங்கள். மேலே பொன்னிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். திருகியில் காட்டும் எண்ணை நம்ப முடியாது, ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெந்த ரொட்டியின் நடுவில் 93 டிகிரி இருக்கும். கம்பித் தட்டில் அரை மணி ஆறாமல் பிய்த்தால், நன்றாக வெந்த ரொட்டிகூடப் பிசுபிசுக்கும். இன்னொன்று: பழைய தோட்டத்து வீடுகளில் ஓவனையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் 13 ஆம்பியரைத் தாண்டக்கூடும்.

கறிக்கு வேண்டியது பெரிய தீ இல்லை, நேரம். கொதிக்கக் கொதிக்கத் தசை இறுகிச் சாறு வெளியேறும். எலும்பை ஒட்டிய சவ்வு கரைந்து குழைவாக மாறவோ சில மணி நேரம் பிடிக்கும். உறைந்த இறைச்சியானால் வெள்ளி இரவே ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். ஒரு கிலோ எலும்போடு கூடிய தோள்கறியைச் சிறிது சிறிதாகப் போட்டு வறுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவியும், நிறம் வராது. மசாலா, வெங்காயம், தக்காளி வதக்கி, 400 மில்லி தண்ணீர் ஊற்றி, கனத்த சட்டியை இறுக மூடி, மிகச் சிறு தீயில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். மேலே எப்போதாவது ஒரு குமிழி வெடித்தால் போதும். உருளைக்கிழங்கைத் தனியே முக்கால் வேக்காடு வேகவைத்துக் கடைசியில் சேருங்கள், தக்காளிப் புளிப்பில் அது சீக்கிரம் மசியாது.

சனியன்று சமைத்து ஞாயிறு சூடாக்கினால் மசாலா இறங்கியிருக்கும், மேலே உறைந்த கொழுப்பையும் வழித்துவிடலாம். ஆனால் பெரிய சட்டியோடு இரவு முழுக்க அடுப்பில் விட வேண்டாம். அகலமான பாத்திரங்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டியில் வையுங்கள். மிஞ்சிய ரொட்டியை அங்கே வைத்தால் விறைத்துப்போகும். அன்றே பையிலிட்டு உறைபெட்டியில் போட்டு, வேண்டும்போது 160 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்குங்கள்.