"மறுகா?" என்று கேளுங்கள்

கேள்வி: ரீச்சர், நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்கிறேன். விடிய நாலு மணிக்கு எழும்பி ஒரு பாடத்தை நாலு தரம் வாசிக்கிறேன். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் நிறம் பூசியும் வைக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் விளங்குகிறது. தவணைப் பரீட்சையில் வினாத்தாளைக் கண்டதும் ஒன்றும் வருவதில்லை. அம்மா வல்லாரைச் சம்பல் செய்து தருகிறார். எனக்கு ஞாபகசக்தி குறைவா?
– மாணவி, திருக்கோவில்

பதில்: இல்லை மகள், உமது ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை.

அக்கரைப்பற்றில் ஏறிக் கல்முனைக்கு எத்தனை தரம் பஸ்ஸில் போயிருப்பீர்? ஒவ்வொரு ஊரும் வரும்போது இது இன்ன ஊர் என்று உடனே தெரியும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஊர்களை வரிசையாகச் சொல்லும். பாலமுனை முதலில் வருமா, ஒலுவிலா? கண்டதும் தெரிவது வேறு, காணாமல் சொல்வது வேறு. நாலு தரம் வாசித்தபோது நீர் பழக்கியது முதலாவதை. பரீட்சை கேட்பது இரண்டாவதை.

இனி இப்படிச் செய்து பாரும். இதயம் பற்றிய பாடத்தை ஒரு தரம் கவனமாக வாசியும். கொப்பியை மூடிவிட்டு, ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதயத்தைக் கீறி, உடலிலிருந்து வரும் இரத்தம் போகும் வழியை எழுதும். வலது சோணையறை, வலது இதயவறை, நுரையீரல்... அந்த இடத்தில் பேனை நிற்கும். நின்றால் பயப்பட வேண்டாம், உமக்குத் தெரியாத இடம் எதுவென்று அப்போதுதான் தெரிகிறது. கொப்பியைத் திறந்து அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, மூடி மீண்டும் எழுதும். அடுத்த நாள் ஒரு தரம், மூன்று நாள் கழித்து ஒரு தரம், அப்புறம் அடுத்த கிழமை ஒரு தரம் புதுத் தாளில் எழுதினால் போதும்.

2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நாலு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்தோ வாசித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். விடிய வாசித்து எழும்பும்போது எல்லாம் தெரிந்தது போல இருக்கிறதே, அது அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான். அதை நம்பி எத்தனை பிள்ளைகள் "நான் மொக்கு" என்று மனம் விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றும் ஆறாத கவலை அது.

கடந்தகால வினாத்தாள்களைக் கடைசி மாதத்துக்கென்று ஒதுக்கி வைக்காதீர். ஒரு அலகு முடிந்ததும் அதற்குரிய கேள்விகளைச் செய்து, புள்ளித்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாரும். நாலு மணிக்கு எழும்புவது நல்லதுதான், ஆனால் ஒன்பதரைக்காவது படுக்க வேண்டும். வல்லாரை நல்ல கீரை, சாப்பிடும்.

கேள்வி: மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறான். நான் வயல் செய்பவன், எட்டாம் வகுப்போடு நின்றவன். அவனுக்கு எப்படி உதவுவது?
– தந்தை, கொக்கட்டிச்சோலை

பதில்: ஐயா, என் அப்பாவும் வயல்தான். உயர்தரத்தில் நான் முதல் தரம் தாவரவியலில் கோட்டை விட்டேன். இரண்டாம் தரம் படிக்கும்போது, இரவுக் காவலுக்கு வயல் வாடிக்குப் போகுமுன் திண்ணையில் இருந்து வெற்றிலை போடுவார். "இண்டைக்கு என்ன படிச்சாய் புள்ள?" என்பார். கொப்பி இல்லாமல் நான் சொல்வேன். நிறுத்தினால் "மறுகா?" என்பார், பிறகு என்ன என்று. அவ்வளவுதான் அவர் கேட்டது. அந்த "மறுகா"வுக்குப் பதில் இல்லாத நாளில் உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறப்பேன்.

மகன் எத்தனை மணித்தியாலம் மேசையில் இருந்தான் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். இரவுச் சோற்றுக்குப் பிறகு பத்து நிமிடம் அவனைச் சொல்ல விடுங்கள். உங்களுக்கு விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். அவன் உங்களுக்காக இலகுவாக்கிச் சொல்லத் தேடுவான் பாருங்கள், அது எந்த வகுப்பிலும் அவனுக்குக் கிடைக்காது.