பரணில் கிடைத்த பிளேட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

எங்களுக்கு மேலூர் பக்கம். அம்மாவின் அப்பா கல்யாணம், காதுகுத்து, திருவிழாவுக்கெல்லாம் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர். அதற்கு முன்பே சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டியும் வைத்திருந்தாராம். இப்போது அந்த வீட்டை இடிக்கப் போகிறோம். பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய பிளேட்டுகள் கிடைத்தன. சினிமாப் பாட்டு குறைவு. நாடகம், காமிக் பேச்சு, பஜனை என்று என்னென்னவோ இருக்கிறது. வள்ளி நாடகத்தில் மூன்றாம் பாகம் மட்டும் தனியாகக் கிடக்கிறது. ஒரு வியாபாரிக்குப் போட்டோ அனுப்பினேன். நாலைந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றதைக் காயலான் கடையில் போடுங்கள் என்கிறார். கொடுத்துவிடலாமா? பூசணம் பிடித்திருக்கிறது, ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

ம., மேலூர்

அன்புள்ள ம.,

முதலில் அந்த ஸ்பிரிட்டைத் தூரமாக வையுங்கள். உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகளாகத்தான் இருக்கும். கையில் எடுத்தால் கனக்கும், கீழே விழுந்தால் சில்லுச் சில்லாக உடையும். அது பிளாஸ்டிக் இல்லை, அரக்கு. மரத்தில் அரக்குப் பூச்சி விடும் பிசினோடு கல்பொடியும் கரியும் கலந்து அழுத்திச் செய்தது. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும், அதோடு பாட்டும் போய்விடும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, மெல்லிய துணியால், கோடு சுற்றுகிற போக்கிலேயே துடையுங்கள். நடுவில் இருக்கும் லேபிளில் ஈரம் படக் கூடாது. நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், நம் ஊர் மத்தியான வெயிலுக்குத் தட்டு நெளிந்துபோகும்.

சரி, விற்பனைக்கு வருகிறேன். வியாபாரி கேட்ட நாலைந்து எவை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா, எம்.எஸ். சுப்புலட்சுமி மாதிரிப் பெயர் தெரிந்தவர்கள் பாடியவையாகத்தான் இருக்கும். அவருக்கு விலை போகும் சரக்கு அது, அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் மதிப்பது மற்றதைத்தான். கிட்டப்பா இறந்தது 1933-ல். அவர் குரல் இன்றைக்கும் போனில் கேட்கிறது, காரணம் அவர் பிளேட்டுகளைப் பலபேர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். பெயரே தெரியாத ஒரு பபூனும் (நாடகக் கோமாளி) ஸ்திரீபார்ட்டும் (பெண் வேடம் போடுபவர்) மாறி மாறிப் பேசும் தட்டை அப்படி யார் வைத்திருந்தார்கள்? உங்கள் பரணில் இருப்பதே அதன் கடைசிப் பிரதியாக இருக்கலாம். பெயர் தெரியாததெல்லாம் குப்பை என்றும் சொல்லிவிட முடியாது. மதுரையில் பிறந்த எம்.எஸ். தன் முதல் தட்டைப் பாடியது 1926-ல், பத்து வயதில். அன்றைக்கு லேபிளைப் பார்த்தவர்களுக்கு அதுவும் யாரோ ஒரு சின்னப் பெண்ணின் பெயர்தான்.

நாடகத் தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஓடுவது மூன்று நிமிடம், கொஞ்சம் கூடலாம். விடிய விடிய நடக்கும் நாடகத்தை இந்த மூன்று மூன்று நிமிடங்களுக்குள் நறுக்கி, சில தட்டுகளைச் சேர்த்து ஒரு செட்டாக விற்றார்கள். மதுரை நாடகத்துக்குப் பேர்போன ஊர். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவை 1918-ல் இங்கேதான் தொடங்கினார். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்கும்படி ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடிப் பழகிய தொண்டைகள் அந்தக் கால நடிகர்களுடையவை. மின்சார ஒலிப்பதிவு 1925-ல் வந்தது, அதற்கு முன்பு பெரிய புனலுக்குள் கத்திப் பாட வேண்டும். முப்பதுகளில் வந்த நாடகத் தட்டுகளில் அந்தப் பழைய தொண்டை ஓரளவு தெளிவாகவே கிடைக்கிறது. அதைவிட முக்கியம் பபூன். அவர் பேசியது பெரும்பாலும் மேடையில் அப்போதைக்கப்போது வந்தது, எந்த நாடகப் புத்தகத்திலும் தேடினால் கிடைக்காது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது, பபூனும் வருகிறார், ஆனால் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய பபூன் எந்த இடத்தில் நிறுத்தினார், எந்தச் சொல்லை இழுத்தார் என்பதற்குத் தட்டைவிட்டால் வேறு ஆதாரம் இல்லை. மூன்று நிமிடத்துக்காகச் சுருக்கிப் பேசியதுதான், இருந்தாலும் அந்தக் குரல் அந்தக் குரல்தானே.

அதனால் அந்த மூன்றாம் பாகத்தைத் துண்டு என்று ஒதுக்காதீர்கள். மற்ற பாகங்கள் வேறு யார் வீட்டிலாவது இருக்கலாம். சேர்ப்பதற்கு வழி எண்கள்தான். லேபிளில் அச்சிட்ட எண் ஒன்று. கோடுகள் முடிந்து லேபிள் தொடங்கும் இடையில், சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி இன்னொரு எண் பொறித்திருக்கும். இரண்டையும் எழுதுங்கள். மைக்கேல் கின்னியர் போன்றவர்கள் இந்தியத் தட்டுகளின் பட்டியலைக் கட்டியெழுப்பியது இப்படிப்பட்ட எண்களையும் கம்பெனி கேட்டலாக்குகளையும் வைத்துத்தான். பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றில் ஓடியன், யங் இந்தியா கம்பெனிகளின் தட்டுகளைத் தனியார் சேகரிப்புகளிலிருந்து எடுத்து டிஜிட்டல் ஆக்கினார்கள். அவையும் யாரோ வீட்டில் விட்டுவைத்ததால் கிடைத்தவை.

விலையை வைத்து அரிது எது என்று முடிவு செய்ய முடியாது. பீட்டில்ஸ் பாட்டுகளை அறுபதுகளில் இந்தியாவில் 78 சுற்றில் அச்சிட்டார்கள், அதற்கு வெளிநாட்டில் நல்ல விலை. கரண்ட் இல்லாத ஊர்களில் உங்கள் தாத்தா வீட்டில் இருந்த மாதிரிச் சாவிப் பெட்டிகள் அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததால்தான் 78 இங்கே அவ்வளவு காலம் நீடித்தது. நம் பபூனைத் தேடி லண்டனிலிருந்து யாரும் வரப்போவதில்லை, நாம்தான் தேட வேண்டும்.

என் ஆசை, பெட்டியைப் பிரிக்காதீர்கள். மதுரை திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் உறையில்லாத ஒற்றைத் தட்டுகளைப் பார்க்கிறேன். எந்த ஊர், எந்த வீடு, யார் கேட்டார்கள், ஒன்றும் தெரியாது. சிலதில் பெயின்ட் அடித்துச் சுவர்க் கடிகாரம் ஆக்கிவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உங்கள் பெட்டி, ரேடியோ செட் கட்டிய ஒரு மனிதர் மேலூர்ச் சுற்றுவட்டாரத்துக்கு எதைப் போட்டுக் காட்டினார் என்பதற்கான சாட்சி. காகித உறையில் கடை முத்திரை இருக்கும், பென்சிலில் ஏதாவது எழுதியிருப்பார். உறையை மாற்றும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். எந்தத் தட்டு எந்த உறையில் இருந்ததோ அதையும் குறித்துவையுங்கள்.

கேட்டுப் பார்க்கும் ஆசை வரும். சாவிப் பெட்டியில் போடாதீர்கள், இரும்பு ஊசி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுரண்டும். பிற்காலத்து எல்பி தட்டுக்கான ஊசியும் சரிவராது. அதன் முனை சுமார் 25 மைக்ரான், 78-க்கு வேண்டியது சுமார் 75. சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் போய்த் தூசியில்தான் ஓடும். 78 ஊசி போட்ட மின்சார பிளேயர் வைத்திருப்பவரிடம் ஒரே முறை ஓட்டிக் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளுங்கள். நம் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டுதான், முப்பதுகளின் பதிவை நீங்கள் வலையேற்றினால் பதிவு செய்த கம்பெனி தடுக்க முடியாது. அப்புறம் வீட்டில் வைக்க இடமில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். அதுவே கோட்டையூரில் ஒருவர் சேர்த்த சேகரிப்பிலிருந்து வந்ததுதான்.

வியாபாரிக்கு இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம். தாத்தாவோடு ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் போனவர்கள் யாராவது ஊரில் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். பெண் அழைப்புக்கு எதைப் போடுவார், சாமி புறப்பாட்டுக்கு எதைப் போடுவார் என்று கேட்டு எழுதுங்கள். டிரங்குப் பெட்டியை ஒரே ஆளாகப் பரணிலிருந்து இறக்க வேண்டாம், தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கீழே கொடுங்கள். அடுக்கும்போது படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள். லேபிள் எண்களை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், அந்த மூன்றாம் பாகத்தின் எண் முதலில் இருக்கட்டும்.