உங்கள் ஸ்டேஷனில் மழையே பெய்யவில்லை

அன்புள்ள ஐயா,

மாதிரி ரயில் கட்டடங்களைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய குறிப்பைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். எனக்கு 58 வயது. போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். என் அப்பா மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் போகும் போடி லைனில், மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலத்தில், ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டிக்குத் தடம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அதை நினைவிலிருந்தும், கையிலிருக்கும் இரண்டு பழைய போட்டோக்களிலிருந்தும், அட்டையில், 87-இல் ஒரு பங்கு அளவில் செய்திருக்கிறேன். சுவர், ஓடு, டிக்கெட் ஜன்னல், பெஞ்சு எல்லாம் இருக்கிறது. வர்ணமும் அடித்தாயிற்று. ஆனால் பார்த்தால் கொலுவில் வைக்கிற ஸ்டேஷன் மாதிரிதான் இருக்கிறது. போதாக்குறைக்கு ஒரு சுவர் வில்லாக வளைந்துவிட்டது. வெளிநாட்டு வர்ணம், ஸ்பிரே எல்லாம் வாங்கினால்தான் சரிவருமா?

இன்னொன்று. மருமகன் பார்த்துவிட்டு, "மாமா, ரயில் எங்கே?" என்று கேட்டார். ரயில் இல்லை, வாங்குகிற உத்தேசமும் இல்லை. ரயில் இல்லாமல் ஸ்டேஷன் மட்டும் கட்டுவது பைத்தியக்காரத்தனமா? படம் இணைத்திருக்கிறேன்.

ரா., திண்டுக்கல்

*

அன்புள்ள ரா.,

படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தேன். அளவு அருமையாக வந்திருக்கிறது. கதவின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்திருக்கிறீர்கள், 24 மில்லிமீட்டர் காட்டுகிறது. ஏழடிக் கதவு 87-இல் ஒரு பங்கானால் அவ்வளவுதான். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குவார்கள். கதவு பெரிதாகி, ஜன்னல் அதைவிடப் பெரிதாகி, கடைசியில் கட்டடம் தீப்பெட்டி மாதிரி ஆகிவிடும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

பிரச்சினை ஒன்றுதான். உங்கள் ஸ்டேஷனில் மழையே பெய்யவில்லை. நேற்றுத் திறப்பு விழா முடிந்து வாழைமரத்தை அவிழ்த்த மாதிரி நிற்கிறது. நீங்கள் நினைவு வைத்திருக்கிற ஸ்டேஷன் அது இல்லை. நாற்பது, ஐம்பது மழைக்காலம் பார்த்த கட்டடம் அல்லவா அது? ஆகவே வர்ணம் எந்த ஊரிலிருந்து வர வேண்டும் என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தண்ணீர் எங்கே விழும், எங்கே வழியும், எங்கே தேங்கும் என்று யோசியுங்கள். தூரிகை அதன் பின்னாலேயே போகட்டும்.

கூரையிலிருந்து தொடங்குவோம். மங்களூர் ஓடு என்று எழுதியிருந்தீர்கள். (1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதன் வாரிசுகள்தான் தென்னிந்தியாவில் பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், ஸ்டேஷன் எல்லாவற்றின் தலையிலும் ஏறி உட்கார்ந்தன.) உங்கள் அளவில் ஓர் ஓடு ஏறக்குறைய 5 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலம் வரும். நீங்கள் எல்லா ஓட்டுக்கும் ஒரே சிவப்பை அடித்திருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் வெள்ளை கலந்து மங்கலாக்குங்கள். அப்புறம் பத்து ஓட்டுக்கு ஒன்றை மட்டும் வேறு நிறத்தில் தொடுங்கள். ஒன்று கறுத்த சிவப்பு, ஒன்று வெளிறிய ஆரஞ்சு. குரங்கு உடைத்து, மாற்றிப் போட்ட ஓடு இரண்டு மூன்று புதுச் சிவப்பாகவே இருக்கட்டும். போட்டோவில் வேப்பமரம் கூரைமேல் சாய்ந்திருக்கிறதே, அந்த நிழலில் ஓடு காய்வதே இல்லை. அங்கே பாசி பிடித்துக் காய்ந்து கறுப்பாகியிருக்கும். மரத்தடிப் பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளுப்பு. இதை மட்டும் செய்தாலே கொலு பாதி இறங்கிவிடும்.

இனி சுவர். கூரை முனையிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் விழுந்து, செம்மண்ணோடு தெறித்து, சுவரின் அடியில் ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்துக்குப் பட்டை கட்டும். உங்கள் அளவில் அது நாலைந்து மி.மீ. நேர்கோடாக அடிக்காதீர்கள், தெறித்தது தெறித்த மாதிரி இருக்க வேண்டும். ஜன்னல் திண்டின் இரண்டு மூலையிலிருந்தும் கீழ்நோக்கி மெல்லிய கறுப்புக் கோடு இறங்கும். நடுவில் இறங்காது, மூலையில்தான். இரும்புத் தாங்கி சுவரில் இறங்குகிற இடத்தில் துரு வழியும். துரு என்றதும் ஆரஞ்சை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் காப்பிப்பொடி நிறம், ஆரஞ்சு ஒரு துளிதான்.

தண்ணீருக்கு அடுத்தபடி மனிதர்கள். டிக்கெட் ஜன்னல் பலகையில் வர்ணம் தேய்ந்து கட்டை தெரியும். கதவில் கை படுகிற உயரத்தில், தரையிலிருந்து 11, 12 மி.மீ.யில், அழுக்கு ஏறும். பிளாட்பார மூலையில் வெற்றிலைச் சிவப்பு. நான் எந்த ஸ்டேஷன் செய்தாலும் தவறாமல் வைக்கிற ஒன்றைச் சொல்கிறேன். பெஞ்சு சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறது அல்லவா? உட்கார்ந்தவர் தலை சாய்கிற உயரம் உங்கள் அளவில் சுமார் 14 மி.மீ. அங்கே சுண்ணாம்புச் சுவரில் வரிசையாக நாலைந்து எண்ணெய்க் கறை. பழுப்பில் தண்ணீர் நிறையக் கலந்து, தூரிகை முனையால் ஒவ்வொரு தொடுதல். ரயிலுக்குக் காத்திருந்த தலைமுறை மொத்தமும் அங்கே வந்து உட்கார்ந்துவிடும். ஒரு முறை என் அத்தை இதைப் பார்த்துவிட்டு, "யார் இவ்வளவு நல்லெண்ணெய் வைத்தது?" என்றாள். எனக்குக் கிடைத்த சிறந்த விமர்சனம் அதுதான்.

வர்ணத்துக்கு வருவோம். உங்கள் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற அக்ரிலிக் போதும். போஸ்டர் கலர் அடிப்பூச்சுக்கு ஆகாது, மேலே தண்ணியான பூச்சு கொடுத்தால் கரைந்து கிளம்பிவிடும். சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளை இரண்டையும் மூடி வையுங்கள். நீங்கள் மாதிரியை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால், நிஜக் கட்டடத்தை 87 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் எந்தக் கறுப்பும் கறுப்பாகத் தெரியாது, காற்றும் தூசியும் வெளுத்துவிடும். கதவின் பச்சையை டப்பாவில் இருப்பதைவிட ஒரு படி வெளுப்பாக அடியுங்கள். பளபளப்பு எங்கேயும் கூடாது. ஸ்பிரே கருவி எனக்கும் ஒன்று இருக்கிறது. அலமாரியில் இருக்கிறது.

அழுக்குப் பூச்சுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கறுப்பு இந்தியன் இங்க் சில சொட்டு விட்டுக் கலக்குங்கள். தண்ணீரைவிடச் சீக்கிரம் காயும், அட்டையும் அவ்வளவாக ஊறாது. சுவரில் தடவினால் செங்கல் இடுக்கில், ஓட்டு இடுக்கில் தானாகப் போய் உட்காரும். முதலில் பயமாக இருக்கும், கெடுத்துவிட்டோமோ என்று தோன்றும். காய்ந்த பிறகு பாருங்கள். அதற்குமேல் உலர்தூரிகை. தூரிகையில் வெளிறிய வர்ணம் எடுத்து, காகிதத்தில் தேய்த்துத் தேய்த்து ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்றான பிறகு, ஓட்டின் விளிம்புகளை மட்டும் வருடுங்கள். கடைசியில் தூசிக்கு, கலர் சாக்பீஸை உப்புத்தாளில் உரசி வந்த பொடி. நான் ஊதுவத்திச் சாம்பலும் போடுவேன். பிளாட்பார மண்ணுக்கு அதைவிட நல்ல நிறம் எந்தக் கடையிலும் கிடைத்ததில்லை.

சுவர் வளைந்ததற்குக் காரணம் நீங்கள் வெளிப்பக்கம் மட்டும் வர்ணம் அடித்தது. ஈரம் பட்ட பக்கம் ஊதி, காயும்போது சுருங்கி இழுக்கிறது. உள்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்தால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும். இப்போதைக்கு, உள்பக்கத்தை லேசாக ஈரப்படுத்தி, இரண்டு நாள் கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். அப்புறம் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக அட்டைப் பட்டிகளை ஒட்டிவிடுங்கள். அடுத்த கட்டடத்துக்கு அட்டையை வெட்டும் முன்பே இரண்டு பக்கமும் அரக்கு வார்னிஷ் ஒரு கை அடித்துவிட்டால் இந்த வம்பே வராது. அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகைதான் சிறந்தது. தை, ஆவணி முடிந்ததும் நம் வீடுகளில் கிடைக்காததா?

பசை விஷயத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் சிக்னல் கேபினைச் சிக்கனமாக மைதாப் பசையில் ஒட்டினேன். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து பார்த்தால், கரப்பான்பூச்சி ஒரு மூலையையே தின்றுவிட்டிருந்தது. படிக்கட்டு தனியாகக் கீழே கிடந்தது. பைண்டிங் கடைக்காரர்தான் சொன்னார், பசையில் கொஞ்சம் மயில்துத்தம் போடாமல் விட்டால் அப்படித்தான் என்று. (துத்தம் விஷம். பேரப்பிள்ளைகள் புழங்கும் வீட்டில் வேண்டாம்.) இரண்டாவது கேபினில் கண்ணாடி ஜன்னலை சூப்பர் குளூ வைத்து ஒட்டினேன். அதன் ஆவி பட்டு எல்லா ஜன்னலும் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மார்கழிக் காலை என்று சொல்லிச் சமாளித்தேன். நீங்கள் வெள்ளைப் பசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, ரயில் எங்கே?

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் லாங் விட்டன்ஹாம் என்று ஒரு கிராமம். அங்கே பெண்டன் அருங்காட்சியகம் இருக்கிறது, 1954-இல் தொடங்கியது. அதை உருவாக்கிய ராய் இங்லண்ட் ஆஸ்திரேலியாக்காரர், 1925-இல் இங்கிலாந்துக்கு வந்தவர். ரயில் பித்து, அதிலும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பித்து. ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கில் சுற்றியபோது, கூரை வேய்ந்த பழைய குடிசை வீடுகள் ஒவ்வொன்றாக மாறுவதையும் காணாமல் போவதையும் பார்த்தார். அவற்றை அப்படியே 76-இல் ஒரு பங்கு அளவில் செய்து வைப்பது என்று இறங்கிவிட்டார். அட்டையில், செங்கல் செங்கலாகக் கீறி, வாட்டர்கலரில் ஒவ்வொரு கல்லாக நிறம் கொடுத்துச் செய்யும் முறை அங்கே வளர்ந்தது. ஒரு வீட்டுக்கு மாதக்கணக்காகும், சிலவற்றுக்கு வருடக்கணக்கு. அவர் போன பிறகும் தன்னார்வலர்கள் அந்தப் பள்ளத்தாக்கைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே ரயிலும் ஓடுகிறது. ஆனால் படங்களில் நான் முதலில் பார்ப்பது வீட்டு வாசல்களைத்தான்.

இதற்கு நேர் எதிரான ஆள் கலிபோர்னியாவின் மான்டரேயில் இருந்த ஜான் ஆலன். அவர் கட்டியது முழுக்கக் கற்பனை ஊர். யார்டில் பெட்டிகளைத் தள்ள எஞ்சினுக்குப் பதில் எம்மா என்று ஒரு டைனோசரை நிறுத்தியிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஊரின் அழுக்கும் துருவும் அச்சு அசல். மற்றவர்கள் பளபளவென்று வைத்திருந்த காலத்தில் கட்டடத்துக்கு வயதேற்றிக் காட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர். 1973 ஜனவரியில் இறந்தார். சில நாட்களிலேயே தீப்பிடித்து அந்த ஊர் அழிந்தது. இப்போது மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அவர் எடுத்த படங்கள்தான். ஆகவே, முடித்ததும் நல்ல படமாக எடுத்து வையுங்கள். மேலிருந்து வேண்டாம். கேமராவைப் பிளாட்பார மட்டத்துக்கு இறக்கி, அங்கே நிற்கிற ஆளின் கண் உயரத்திலிருந்து எடுங்கள்.

மருமகனிடம் இப்படிச் சொல்லலாம். போடி லைனில் மீட்டர் கேஜ் வண்டி 2010 கடைசியோடு நின்றது. அகலப்பாதையில் தேனி வரை ரயில் வர 2022 ஆனது, போடிக்கு வர 2023. இடையில் பன்னிரண்டு வருடம் அந்த ஊர்க்காரர்களும் ரயில் இல்லாத ஸ்டேஷனைத்தான் வைத்திருந்தார்கள். உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்? அப்புறம் என்றாவது தண்டவாளம் போட ஆசை வந்தால், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தை வாங்கிவிடாதீர்கள். அது வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜுக்கானது. உங்கள் மீட்டர் கேஜுக்கு 12 மி.மீ. வேண்டும். ஒரு முழம் போதும், கட்டடத்துக்கு முன்னால் புல் முளைத்துக் கிடக்கட்டும்.

பெயர்ப்பலகையைக் கையால் எழுதப் பார்த்திருக்கிறீர்கள், தமிழ் மட்டும் தடித்து, கீழே இந்தியும் ஆங்கிலமும் நெருக்கியடித்து நிற்கின்றன. பழைய போட்டோவில் பலகை நேராகத் தெரிகிறது. அதை ஸ்கேன் செய்து, சுருக்கி, அச்சடித்து ஒட்டிவிடுங்கள். கடல்மட்ட உயரம் எழுதிய கடைசி வரி படிக்க முடியாத அளவுக்குச் சிறியதாகிவிடும். இருந்தாலும் வெட்டிவிடாதீர்கள். மஞ்சளை மட்டும் கொஞ்சம் வெளுக்க வையுங்கள், அதுவும் வெயிலில்தான் நின்றது.

அன்புடன்.