மேடை காத்திருக்கும், கேசட் காத்திருக்காது

கேள்வி: நான் பெரம்பூரில் வளர்ந்தவன். வயது 44. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவில் எங்கள் தெருவிலிருந்த ஒருவர் எனக்கு பேஸ் கிடார் கற்றுக்கொடுத்தார். என்னைப் போல இன்னும் பல பையன்களுக்கு அவர்தான் குரு. மொட்டைமாடியில் வகுப்பு, காசு வாங்கமாட்டார். கல்லூரி விழாக்களில் எல்லோரும் வெளிநாட்டு பேண்டுகளின் பாட்டையே வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், “சொந்தமா ஒண்ணு எழுதிட்டு வா, அப்புறம் பேசலாம்” என்பார். நாங்கள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஐந்து மாதத்துக்கு முன் கல்லீரல் கெட்டு இறந்துவிட்டார். குடிதான் காரணம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். “நீங்க யாரு?” என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அண்ணி அவருடைய கிடாரையும் அவர் பதிந்துவைத்த கேசட்டுகள் நிறைந்த ஒரு டிரங்குப் பெட்டியையும் என்னிடம் கொடுத்துவிட்டார். நண்பர்கள் பெரிய நினைவு நிகழ்ச்சி நடத்தலாம் என்கிறார்கள், நான்தான் பேச வேண்டுமாம். பிளஸ் டூ படிக்கும் அவருடைய மகள், “அப்பா உங்ககூட இருக்கும்போது எப்படி இருப்பார், அங்கிள்?” என்று கேட்டாள். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவர் போனதிலிருந்து பேஸைத் தொடவே முடியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

காரியத்தில் “நீங்க யாரு?” என்று கேட்ட அந்தக் கேள்வி உங்களை எவ்வளவு தைத்திருக்கும் என்று புரிகிறது. நம் ஊரில் சாவுக்கு எல்லா முறையும் இருக்கிறது. கொள்ளி வைக்க ஒருவர், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள், கோடி போடச் சம்பந்தி வீட்டார் என்று யார் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்பே முடிவானது. பதினைந்து வயதுப் பையன் கையில் ஒரு பேஸைக் கொடுத்து அவன் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவர் போனால், அந்தப் பையன் எங்கே நிற்பது என்று மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை. அவர் ஒரு வித்வானாக இருந்திருந்தால் “நான் அவருடைய சிஷ்யன்” என்று சொல்லியிருப்பீர்கள், உடனே உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். மொட்டைமாடியில் ராக் சொல்லிக்கொடுத்தவருக்கும் சிஷ்யர்கள் உண்டு என்பது அந்தச் சொந்தக்காரர்களுக்குத் தெரிய வழியில்லை. அவர்கள் மேல் வருத்தம் வேண்டாம். ஆனால் நீங்கள் அவருடைய சிஷ்யன்தான். இந்தத் துக்கத்துக்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். நினைவு நிகழ்ச்சியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த டிரங்குப் பெட்டிதான் கவலையாக இருக்கிறது. நிகழ்ச்சியை அடுத்த வருடம்கூட நடத்தலாம். கேசட்டுகள் அப்படிக் காத்திருக்காது. சென்னையின் ஈரக்காற்றில் இருபத்தைந்து வருடம் கிடந்த நாடா இது. ஒவ்வொரு மழைக்காலமும் அதில் கொஞ்சம் தின்றுகொண்டுதான் போகும்.

1970, 71இல் ஒரு சிகரெட் கம்பெனி ‘சிம்லா பீட்’ என்ற பெயரில் நாடு தழுவிய பீட் குழுப் போட்டி (அந்தக் காலத்து ராக், பாப் குழுக்களுக்கான போட்டி) நடத்தியது. அதில் தேறிய குழுக்களை வைத்து இரண்டு எல்.பி. இசைத்தட்டுகள் வெளிவந்தன. அந்தக் காலத்து இந்தியப் பையன்கள் எப்படி வாசித்தார்கள் என்று இன்று உலகத்தில் யார் கேட்க விரும்பினாலும் பெரும்பாலும் அந்த இரண்டு தட்டுகளுக்குத்தான் போகிறார்கள். அதே வருடங்களில் ஓட்டல்களிலும் கல்லூரி அரங்குகளிலும் வாசித்த மற்ற குழுக்கள் திறமையில் குறைந்தவை என்று நான் நம்பமாட்டேன். அவர்களைப் பதிவு செய்ய ஆளில்லை, அவ்வளவுதான். உங்கள் அண்ணன் பதிவு செய்து வைத்திருக்கிறார். பாதி வேலையை அவரே முடித்துவிட்டார்.

ஆசையில் இன்றே ஒரு கேசட்டை எடுத்துப் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒவ்வொன்றின் பின்விளிம்பிலும் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறிப்போய் யாராவது ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. அப்புறம் வெளிச்சத்தில் பிடித்து நாடாச் சுற்றைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியாக ஒரு கவரில் போட்டு எடுத்துவையுங்கள், ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஓட்டினால் இயந்திரத்தில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஹெட்டுக்கு (நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் பாகம்) எதிரே நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னத் துணிப் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அப்படியிருந்தால் திருகாணி போட்ட ஒரு நல்ல கூட்டுக்கு நாடாவை மாற்றிக்கொள்ளலாம்.

யு.எஸ்.பி. வைத்த மலிவான பிளேயர்களை நம்பாதீர்கள். நல்ல நிலையிலுள்ள பழைய கேசட் டெக் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் நண்பர் கூட்டத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் நிச்சயம் இருக்கும். பெல்ட் மாற்றி, ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். ஹெட்டின் பக்கத்திலுள்ள சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பினால் ஹை-ஹாட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தாளத்தட்டு) ஓசை திடீரென்று தெளியும் இடம் ஒன்று வரும். அதுதான் சரியான இடம். பிறகு கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிகாபைட் ஆகும், ஒரு பெட்டிக் கேசட்டும் ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிடும். இரைச்சலை நீக்குவது, மெருகேற்றுவது எல்லாம் நகலில் செய்துகொள்ளலாம். மூலக் கோப்பை அப்படியே விடுங்கள். அதற்கு மூன்று பிரதி எடுத்து, ஒன்றை அண்ணி வீட்டில் வையுங்கள்.

இன்னொன்று. ஒரு கேசட் இழுவையாக, தாழ்ந்த குரலில் ஓடி, திருப்பிப் போட்டால் பின்னாலிருந்து முன்னே ஓடினால், கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது நான்கு டிராக் கருவியில், அதாவது ஒரே நாடாவில் நான்கு தனித்தனி ஒலிப்பாதைகளைப் பதியும் கருவியில், பதிந்ததாக இருக்கலாம். அந்தக் கருவிகள் நாலு டிராக்கையும் ஒரே திசையில் பதியும், பலவும் இரட்டை வேகத்தில் ஓடும். அப்படி ஒன்று கிடைத்தால் அது புதையல். டிரம்ஸ், பேஸ், கிடார், குரல் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். உங்கள் பதினாறு வயது வாசிப்பே ஒரு டிராக்கில் இருந்தாலும் இருக்கும்.

இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய குழுக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார்ந்து கேளுங்கள். இது எந்தப் பாட்டு, எந்த வருடம், டிரம்ஸில் யார், எந்தக் கல்லூரி மேடைக்காகத் தயார் செய்தது என்றெல்லாம் உங்கள் கூட்டத்துக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் இருபது வருடம் போனால் அதுவும் தெரியாது. ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள், பேசுவதையும் ஒரு போனில் பதிந்துவையுங்கள். என்னைக் கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் உண்மையான நினைவுக்கூட்டம். உங்களுக்கு விட்டுப்போன காரியமும் அங்கேதான் நடக்கும்.

கேசட்டிலிருக்கும் பாட்டுகளை அண்ணியிடம் கேட்காமல் எங்கேயும் ஏற்ற வேண்டாம். அவர் எழுதிய பாட்டுகளின் உரிமை இப்போது குடும்பத்துக்கு. நம் சட்டப்படி அவர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை அது நிற்கும். பாட்டு எழுதியவரின் வாரிசு பாட்டுக்கு வரும் ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் சேர்ந்துகொள்ளவும் வழியுண்டு. நீங்கள் சேர்ந்து எழுதிய பாட்டு என்றால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இப்போதே, எல்லோரும் நண்பர்களாக இருக்கும்போதே, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நிகழ்ச்சி. கொல்கத்தாவில் ‘மொஹீனேர் கோராகுலி’ என்று ஒரு குழு இருந்தது. எழுபதுகளில் வங்காள மொழியில் ராக் பாடத் துணிந்தவர்கள், நடுநாயகம் கௌதம் சட்டோபாத்யாய். மூன்று சின்ன இசைத்தட்டுகள் போட்டார்கள், அந்தக் காலத்தில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, எண்பதுகளின் தொடக்கத்தில் கலைந்துபோனார்கள். 1995இல் கௌதம் ஒரு காரியம் செய்தார். இளம் பாடகர்களையும் குழுக்களையும் கூட்டிவைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். பழைய பாட்டுகளோடு புதியவர்களின் பாட்டுகளும் அதில் இருந்தன. 1999இல் அவர் இறந்துவிட்டார். இன்றைக்கும் கொல்கத்தாவில் கல்லூரிப் பிள்ளைகள் கிடாரை எடுத்தால் அந்தப் பாட்டுகள் வருகின்றன. அவரைப் பார்த்தேயிராத பிள்ளைகள். யாரோ நன்றாகப் பேசியதால் அவர் பெயர் நிற்கவில்லை, அடுத்த தலைமுறையின் வாயில் பாட்டு இருந்ததால் நின்றது.

நமக்கும் இது புதிதல்ல. திருவையாற்றில் ஆராதனை நாளில் தியாகராஜரைப் பற்றி யாராவது ஒரு மணி நேரம் பேசினார்கள் என்றா ஊர் கூடுகிறது? எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து அவருடைய பஞ்சரத்னத்தைச் சேர்ந்து பாடுகிறார்கள். ராக்கும் கீர்த்தனையும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் முறையை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. அண்ணன் எழுதிய ஐந்தாறு பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து, அவரை அறியாத இப்போதைய இளம் குழுக்களிடம் கொடுங்கள். அவர்கள் கோர்டு தப்பாக வாசித்தாலும், வேகத்தை மாற்றினாலும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் சொந்தப் பாட்டு ஒன்றும் வாசிக்க வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனையாக வையுங்கள். அவர் உங்களிடம் கேட்டது அதைத்தானே. அவரிடம் படித்த பெண்கள் யாராவது இருந்தால் கட்டாயம் தேடிக் கூப்பிடுங்கள். ராக் நினைவுக்கூட்டம் என்றாலே ஆண்கள் கூடிப் பழைய கதை பேசுவதாக ஆகிவிடுகிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

குடி. இதில் நான் கறாராகச் சொல்கிறேன். “ராக்கர்னா அப்படித்தான்” என்று அந்த மேடையில் ஒருவரும் பேச விடாதீர்கள். அவர் நினைவாக ஒரு ரவுண்டு என்று பாட்டிலும் வேண்டாம். எதிரே அவர் மகள் உட்கார்ந்திருப்பாள், பதினெட்டு வயதுப் பையன்கள் கிடாரோடு உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் கூட்டத்திலேயே அதே பாதையில் இருக்கும் ஒருவராவது இருப்பார், அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். குடியால்தான் இசை வந்தது என்பது பொய். மொட்டைமாடியில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்த மனிதரைக் குடி நம்மிடமிருந்து முன்கூட்டியே பறித்துக்கொண்டது, அதுதான் நடந்தது. மேடையில் அதை விவரிக்க வேண்டியதில்லை. மறைக்கவும் வேண்டாம். “நோயால் சீக்கிரம் போய்விட்டார், இன்னும் இருபது வருடம் இருந்திருக்க வேண்டியவர்” என்றால் போதும்.

அவர் மகளுக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். பெட்டி அவசரம் என்றேன், இது அதைவிட அவசரம். அவள் கேட்டது குடியைப் பற்றி அல்ல. வீட்டில் நோயோடும் கோபத்தோடும் பார்த்த அப்பாவை அவளுக்குத் தெரியும். வெளியே, உங்களோடு மாடியில் இருந்த அப்பாவை அவள் பார்த்ததில்லை, அவரைத்தான் கேட்கிறாள். “நல்ல மனுஷன்மா” என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாதீர்கள். முதல் நாள் உங்கள் விரலைப் பிடித்து எந்தக் கம்பியில் வைத்தார், தப்பு செய்தால் என்ன செய்வார், எந்தப் பாட்டு கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார், யாரைக் கண்டால் எரிச்சல், மழை வந்தால் ஆம்பிளிஃபயரை எப்படிப் போர்த்தித் தூக்கி ஓடுவீர்கள், அதையெல்லாம் சொல்லுங்கள். ஒரே நாளில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். அவள் குடியைப் பற்றிக் கேட்டால் அதற்கும் நேராகவே பதில் சொல்லுங்கள். அவர் குடித்தது தெரியும், நிறுத்தச் சொன்னோம், முடியவில்லை, அவருக்கு உன் மேல் பிரியம் இல்லாததால் அல்ல என்று. கேசட் கேட்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு, அண்ணி சம்மதித்தால், அவளையும் வரச் சொல்லுங்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய அப்பாவின் சிரிப்பு இரண்டு பாட்டுக்கு நடுவே எங்காவது பதிந்திருக்கும்.

நீங்கள் பேஸைத் தொடாததைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஐந்து மாதம் நீண்ட காலமல்ல. வலுக்கட்டாயமாக எடுக்க வேண்டாம், முதலில் கேளுங்கள். அந்த நாடாக்களில் எங்காவது உங்கள் பேஸ் வாசிப்பு ஒன்று பாதியில் தடுமாறும், அதைச் சரிசெய்ய விரல் தானாகத் துடிக்கும் என்று நினைக்கிறேன். அவர் கிடாரை மட்டும் உறையிலேயே வைத்துவிடாதீர்கள். பழைய கம்பி துருப்பிடிக்கும், கழுத்து வளையும். கம்பி மாற்றி, யாராவது வாசிக்கக் கொடுங்கள். கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்க அண்ணி அதை உங்களிடம் கொடுத்திருக்கமாட்டார். தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் மனசு நிற்கவில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழில் பேசலாம்.

கடைசியாக, மேடையில் பேசுவது. ஐந்து நிமிடம் போதும். மகளிடம் சொன்னதில் ஒன்றைச் சொல்லிவிட்டு முதல் குழுவை மேடைக்குக் கூப்பிடுங்கள். அதுவரை நண்பர்கள் தேதி கேட்டு நச்சரித்தால், கேசட் எல்லாம் கணினியில் பதிந்து முடித்ததும் சொல்கிறேன் என்று சொல்லி, வாரம் ஒருவராக உதவிக்கு வரச் சொல்லுங்கள்.